வான் நிஸ்டல்ரோய் துணைப் பயிற்சியாளராகவே இருந்திருக்கலாமா?

#1 வெண்ணாற்றங்கரை, தஞ்சாவூர்

இங்கிலாந்துக் கால்பந்து கிளப்பான லெஸ்டர் சிட்டி 2025 ஜூனில் தலைமைப் பயிற்சியாளர் ரூட் வான் நிஸ்டல்ரோயை அனுப்பியதிலிருந்து, அவரைப் பற்றி யார் பேசினாலும் "நல்ல ஆட்டக்காரர், கோச்சாக வேலைக்கு ஆகவில்லை" என்று முடித்துவிடுகிறார்கள். அதில் பாதி சரி. மீதிப் பாதியைப் பேசத்தான் இந்த இழை. என் கட்சி இதுதான்: கோல் அடிப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது என்று பெயரெடுத்த ஒருவர் துணைப் பயிற்சியாளராக நன்றாகப் பொருந்துவார். அதே ஆளைத் தலைமைப் பொறுப்பில் வைத்தால் அவர் கைவசம் உள்ள வித்தைக்கு வேலையே இருக்காது. ரூட் இரண்டையும் செய்து பார்த்தவர்.

இளையவர்களுக்காக ஆட்டக்காரர் கதை முதலில். 1976 ஜூலையில் நெதர்லாந்தின் ஓஸ்ஸில் பிறந்தவர். இரண்டாம் டிவிஷன் டென் போஸ், பிறகு ஹீரன்வீன், 1998இல் அந்நாட்டின் பெரிய கிளப்பான பிஎஸ்வி. முதல் சீசனிலேயே லீகில் 34 ஆட்டம், 31 கோல். 2000 ஏப்ரலில் மான்செஸ்டர் யுனைடெட் வாங்க வந்தது. மருத்துவச் சோதனையில் முழங்கால் சந்தேகம் கிளம்பி ஒப்பந்தம் நின்றது. நின்ற கையோடு, பயிற்சியில் ஒரு பந்துக்குத் தாவி இறங்கும்போது அதே முழங்காலின் தசைநார் அறுந்தது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது, அவர் அலறியது பதிவாகியிருக்கிறது. அமெரிக்காவில் அறுவைச் சிகிச்சை, ஒரு வருடம் வீணாகப் போனது. யுனைடெட் பயிற்சியாளர் ஃபெர்குசன் கைவிடாமல் 2001 ஏப்ரலில் 1.9 கோடி பவுண்டுக்கு எடுத்தார்.

அங்கே ஐந்து சீசன், 219 ஆட்டம், 150 கோல். 2002-03இல் மட்டும் எல்லாப் போட்டியிலும் சேர்த்து 44. சாம்பியன்ஸ் லீகில் மூன்று முறை அதிக கோல் அடித்தவர். 2006இல் ரியால் மாட்ரிட் போய் முதல் வருடமே 25 லீக் கோலுடன் ஸ்பெயினிலும் முதலிடம். அப்புறம் மீண்டும் முழங்கால். ஹாம்பர்க், மலாகா என்று சுற்றி 2012இல் ஓய்வு. நாட்டுக்காக 70 ஆட்டம், 35 கோல்.

பயிற்சியாளர் பாதியை அடுத்துப் போடுகிறேன். அதற்குள் யாராவது சண்டைக்கு வந்தால் நல்லது.

#2 குடந்தைக் கீப்பர், கும்பகோணம்

வந்துவிட்டேன், ஆனால் சண்டைக்கு இல்லை. இருபது வருடம் கோல் போஸ்ட்டுக்கு நடுவில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த மாதிரி ஃபார்வர்டுதான் கீப்பருக்குப் பெரிய தொல்லை. முப்பது கஜத்திலிருந்து அடிப்பவனைப் பார்த்துத் தயாராகலாம். ரூட் யுனைடெட்டுக்காக அடித்த 150இல் ஒன்றே ஒன்றுதான் பாக்ஸுக்கு (கோலுக்கு முன்னால் உள்ள பெரிய கட்டம்) வெளியிலிருந்து. மற்ற எல்லாமே உள்ளே. பந்து வரும் முன்பே அவர் எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்திருப்பார். டிஃபென்டர் பந்தைப் பார்க்கத் தலையைத் திருப்பும் அந்த அரை நொடியில் அவன் முதுகுக்குப் பின்னால் போய்விடுவார். கீப்பர் முதல் போஸ்ட்டை மூடினால் இரண்டாவது போஸ்ட், காலை அகட்டினால் காலுக்கு நடுவில். பலமாக அடித்த கோல்கள் குறைவு. பெரும்பாலும் உள்பாதத்தால் ஒரு பாஸ் போல வலைக்குள் தள்ளிவிடுவார்.

அந்தக் காலத்தில் கேபிளில் இஎஸ்பிஎன், ஸ்டார் ஸ்போர்ட்ஸ் இரண்டும் வரும். சனிக்கிழமை சாயங்காலமானால் எங்கள் தெரு டீக்கடையில் கிரிக்கெட் கும்பலோடு ரிமோட்டுக்குப் போராட்டம். 2003 மார்ச்சில் ஃபுல்ஹாமுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்தார் பாருங்கள், அதில் ஒன்று மைதானத்தின் நடுக்கோட்டுக்கு அருகே பந்தை வாங்கி, நாலைந்து பேரைக் கடந்து போய் அடித்தது. "பாக்ஸுக்குள் நிற்கத்தான் தெரியும்" என்பவர்கள் அதைப் பார்க்கவும். பார்த்துவிட்டு, கடைசி உதையை அப்போதும் பாக்ஸுக்குள் போய்த்தான் உதைத்தார் என்பதையும் கவனிக்கவும்.

#3 கடைமடை, நாகப்பட்டினம்

சண்டைக்கு நான் வருகிறேன்.

தனி ஆள் கணக்கெல்லாம் சரி அண்ணே. 2001 முதல் 2006 வரை ஐந்து சீசனில் யுனைடெட் லீக் பட்டம் எத்தனை? ஒன்று, 2002-03. அவர் வருவதற்கு முந்தைய மூன்று வருடமும் பட்டம், அவர் போன மறு வருடத்திலிருந்து தொடர்ந்து மூன்று பட்டம். எல்லாப் பந்தும் அவருக்கே வரவேண்டும் என்று ஆடும் அணியில் மற்றவர்கள் வளர மாட்டார்கள். ரொனால்டோவும் ரூனியும் அவர் கிளம்பிய பிறகுதான் விரிந்தார்கள். ஃபெர்குசனுக்கே அது தெரிந்துதான் 2006 லீக் கோப்பை இறுதியில் பெஞ்சில் உட்காரவைத்தார். அந்தச் சீசன் முடிவில் ஆளையே விற்றுவிட்டார்.

அப்படிப்பட்டவர் மற்றவர்களை வளர்க்கும் வேலைக்கு எப்படிப் பொருந்துவார்? தலைமையோ துணையோ, எனக்கு இரண்டிலுமே சந்தேகம்.

#4 வெண்ணாற்றங்கரை, தஞ்சாவூர்

கடைமடை தம்பி சொல்வதில் விஷயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டக் கணக்கில் டிஃபென்டர் ஸ்டாம் போனது, கேப்டன் கீன் தளர்ந்தது, ஆர்சனலின் தோல்வியே காணாத 2003-04, அப்ரமோவிச் பணத்தோடு வந்த செல்சி எல்லாம் இருக்கின்றன. ஒரு ஃபார்வர்டு தலையில் எல்லாவற்றையும் கட்ட முடியாது.

பயிற்சியாளர் கதைக்கு வருகிறேன். 2014இல் ஹிடிங்க் நெதர்லாந்து அணியை எடுத்தபோது டேனி பிளிண்டும் ரூட்டும் துணை. ஹிடிங்க் 2015இல் போக, பிளிண்ட் தலைமைக்கு வந்தார். ரூட் 2016இல் கிளம்பி பிஎஸ்வியின் இளையோர் அணிகளுக்குப் போனார். இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அந்தப் பெயருக்கு எந்த நடுத்தர கிளப்பும் நேரடியாகத் தலைமைப் பதவி கொடுத்திருக்கும். அவரோ பதினேழு, பதினெட்டு வயதுப் பையன்களோடு வருடக்கணக்கில் உட்கார்ந்தார். நடுவில் நெதர்லாந்து அணியில் ஃபிராங்க் டி போயரின் துணையாக யூரோ 2020 (ஐரோப்பியக் கோப்பை), பிறகு பிஎஸ்வியின் இரண்டாம் அணியான யோங் பிஎஸ்வி, 2022இல்தான் பிஎஸ்வியின் பெரிய அணி.

2024 ஜூலையில் தலைமைப் பயிற்சியாளர் டென் ஹாக்கின் துணையாக யுனைடெட்டுக்குத் திரும்பினார். ஒரு கிளப்புக்குத் தலைமை வகித்துக் கோப்பைகள் வாங்கிய ஆள் மறுபடி துணையாகப் போகச் சம்மதித்ததே அபூர்வம். அக்டோபர் 28இல் டென் ஹாக் நீக்கப்பட்டார், நான்கு ஆட்டம் இவர் பொறுப்பில்: லெஸ்டர் 5-2, செல்சி 1-1, பிஏஓகே 2-0, மறுபடி லெஸ்டர் 3-0. தோல்வி இல்லை. புதிய தலைமைப் பயிற்சியாளர் அமோரிம் தன் ஆட்களோடு வந்ததும் இவருக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

#5 துபாய்த் திருவையாறு

நான்கில் இரண்டு வெற்றி லெஸ்டர் மேல். அதைப் பார்த்துவிட்டு அதே லெஸ்டர் மூன்றே வாரத்தில் அவரை வேலைக்கு எடுத்தது. நம் ஊரில் எதிராளி வக்கீலைப் பிடித்து அடுத்த கேஸைக் கொடுப்பார்களே, அந்தக் கதைதான்.

#6 கடைமடை, நாகப்பட்டினம்

அந்த நான்கு ஆட்டத்தின் 11 கோலையும் யார் அடித்தார்கள் என்று பாருங்கள். புரூனோ ஃபெர்னாண்டஸ் நான்கு, அதில் ஒன்று பெனால்டி. காஸெமிரோ இரண்டு, அமாத் இரண்டு, கார்னாச்சோ இரண்டு, ஒன்று லெஸ்டர்காரர் தன் வலைக்கே போட்டது. ஹோய்லுண்டும் சிர்க்ஸீயும் ஒன்றுகூட இல்லை. சென்டர் ஃபார்வர்டுகளைத் தேற்றத்தானே இவரைக் கூட்டிவந்தார்கள்? டென் ஹாக் போகும்போது லீகில் ஒன்பது ஆட்டத்தில் எட்டே கோல். அந்த ஒன்பது ஆட்டத்திலும் துணையாக இருந்தவர் இவர்தான்.

இன்னும் ஒன்று. அவர் துணையாக இருந்த நெதர்லாந்து யூரோ 2016க்குத் தகுதியே பெறவில்லை. செக், ஐஸ்லாந்து, துருக்கிக்குக் கீழே நான்காவது. ஐஸ்லாந்து இரண்டு ஆட்டத்திலும் ஜெயித்தது. யூரோ 2020இல் முதல் நாக்அவுட்டிலேயே செக்கிடம் 0-2.

#7 பிடி டீச்சர், திருவாரூர்

துணைப் பயிற்சியாளரை அணியின் முடிவை வைத்து மதிப்பிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நான் பள்ளிப் பெண்கள் அணியைப் பார்த்துக்கொள்கிறவள். குடியரசு தினப் போட்டி, பாரதியார் தினப் போட்டி, முதலமைச்சர் கோப்பை என்று வருடம் முழுக்க ஓட்டம்தான். எனக்குத் துணை என்று யாரும் கிடையாது, அதனாலேயே துணை இருந்தால் என்னவெல்லாம் நடக்கும் என்று நன்றாகத் தெரியும்.

பெரிய கிளப்பில் தலைமைப் பயிற்சியாளருக்கு நேரமே இருக்காது. யார் ஆடுவது, யார் உட்காருவது, எந்த அமைப்பு, பத்திரிகைக்காரர்கள், நிர்வாகம், ஆள் வாங்குவது விற்பது. அப்படியிருக்க, ஒரு பையனை மட்டும் தனியாக அழைத்து, "நேற்று நீ கோட்டைவிட்ட பந்தைப் பார், கிராஸ் வரும் முன்பே நீ போய் நின்றுவிட்டாய், ஓட்டத்தை இன்னும் அரை நொடி தள்ளிப்போட்டிருந்தால் டிஃபென்டர் உன்னைத் தாண்டிப் போயிருப்பார்" என்று சொல்ல யார்? துணைதான். பயிற்சி முடிந்து மற்றவர்கள் குளிக்கப் போனதும், பத்துப் பந்தை வைத்துக்கொண்டு இடதுகாலால் அடிக்கவைப்பதும் துணைதான். அப்புறம் இன்னொரு வேலை உண்டு. தலைமையிடம் சொல்லப் பயப்படுவதை ஆட்டக்காரர்கள் துணையிடம் சொல்வார்கள். பெஞ்சில் உட்காரவைக்கப்பட்டவனின் கோபம் முதலில் அவரிடம்தான் வரும். ரூட்டே ஃபெர்குசனிடம் அந்தக் கோபத்தோடு உட்கார்ந்திருந்தவர் ஆயிற்றே, அது அவருக்குப் புரியாமல் இருக்குமா?

கடைமடை சார் கேட்ட கேள்விக்கு இதுதான் என் பதில். தனக்குத்தான் பந்து வேண்டும் என்று ஆடியவருக்கு, அந்த ஆசை என்ன மாதிரியானது, கோல் வராத வாரத்தில் அது ஆளை எப்படித் தின்னும் என்பது தெரியும். இன்னொரு ஃபார்வர்டுக்கு அது பெரிய ஆறுதல். நல்ல குணம் உள்ள மிட்ஃபீல்டர் ஒருவரால் அதைக் கொடுக்க முடியாது.

#8 குடந்தைக் கீப்பர், கும்பகோணம்

டீச்சர் சொன்னது நூற்றுக்கு நூறு. இதன் மறுபக்கமும் எங்கள் ஊரில் உண்டு. எங்கள் பக்கத்து கிளப்பில் (பெயர் வேண்டாம்) ஒரு பெரிய ஃபார்வர்டு, அந்தக் காலத்தில் மின்னொளி ஆட்டம் என்றால் அவருக்காகவே கூட்டம் கூடும். ஆடி ஓய்ந்ததும் சின்னப் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்க வைத்தார்கள். அவர் கொடுத்த பயிற்சி மொத்தமும் "அடிடா! அடிக்க வேண்டியதுதானே!" என்ற கூச்சல்தான். தனக்குத் தானாக வந்ததை மற்றவனுக்கு ஏன் வரவில்லை என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. பையன்கள் பாதிப்பேர் கபடிக்குப் போய்விட்டார்கள்.

ரூட்டுக்கு இந்தச் சிக்கல் குறைவு என்று நினைக்கிறேன். அவருக்கு வேகம் பெரிதாக இல்லை, ரொனால்டினோ மாதிரி காலில் மாயமும் இல்லை. அந்த அறுந்த முழங்காலுக்குப் பிறகு, ஓடிப்போய் எடுப்பதைவிட இடம்பார்த்து எடுக்கவே அவர் யோசித்திருக்க வேண்டும். யோசித்துச் செய்ததை எடுத்துச் சொல்ல வாய் வரும். பிறவியிலேயே வந்ததைச் சொல்லத் தெரியாது.

#9 காரைக்கால் ஃப்ரீகிக்

இந்த இடத்தில் தியெரி ஹென்ரியைக் கொண்டுவராமல் இருக்க முடியாது. எங்கள் ஊரில் பிரெஞ்சு பாஸ்போர்ட் வீடுகள் இருப்பதால் 1998 உலகக் கோப்பையிலிருந்தே அவர் எங்களுக்குச் சொந்தக்காரர் மாதிரி. அப்போது வயது இருபதுதான், பிரான்சுக்கு மூன்று கோல்.

ஆர்சனலுக்கு 228 கோல், நாட்டுக்கு 51. 2014 கடைசியில் ஓய்வு. 2016இல் ராபர்ட்டோ மார்ட்டினெஸுக்குத் துணையாக பெல்ஜியம். 2018 உலகக் கோப்பையில் லுகாகு நான்கு கோல், பெல்ஜியம் மூன்றாம் இடம். அரையிறுதியில் தன் சொந்த நாட்டுக்கு எதிராக பெஞ்சில் உட்கார்ந்து 0-1 தோற்றார். அந்தச் சூட்டோடு அக்டோபரில் மொனாக்கோவின் தலைமைப் பதவி, 2019 ஜனவரியில் வீட்டுக்கு. அவர் ஆட ஆரம்பித்த கிளப்பே அதுதான். மாண்ட்ரியால் போய் வந்து, 2021இல் மறுபடி பெல்ஜியத்துக்கே துணை! 2024 ஒலிம்பிக்கில் பிரான்ஸ் அணிக்குத் தலைமை, வெள்ளி. இறுதியில் ஸ்பெயினிடம் கூடுதல் நேரத்தில் 3-5.

ஆக வெண்ணாற்றங்கரை அண்ணனின் கட்சிக்கு ஹென்ரி முக்கால் சாட்சி. ஒலிம்பிக் வெள்ளி மட்டும் குறுக்கே நிற்கிறது.

#10 மன்னை மெஸ்ஸி ரசிகன்

ஹென்ரி, ரூட் எல்லாம் சரி, மெஸ்ஸி கோச்சானால் எப்படி இருக்கும்?

#11 வெண்ணாற்றங்கரை, தஞ்சாவூர்

தம்பி, அதற்குத் தனி இழை ஆரம்பி. இங்கே வேண்டாம், ராத்திரி முழுக்கத் தூக்கம் போய்விடும்.

காரைக்கால்காரர் நல்ல உதாரணம் கொடுத்தார். நான் பென்னி மெக்கார்த்தியைச் சேர்க்கிறேன். 2004இல் போர்ட்டோவோடு சாம்பியன்ஸ் லீக் ஜெயித்த தென்னாப்பிரிக்க ஃபார்வர்டு. 2022இல் யுனைடெட்டுக்கு ஃபார்வர்டுகளைப் பார்த்துக்கொள்ள வந்தார். அதற்கு முந்தைய சீசனில் யுனைடெட் ஃபார்வர்டு ராஷ்ஃபோர்டு மொத்தம் 5 கோல். மெக்கார்த்தி வந்த சீசனில் 30.

#12 கடைமடை, நாகப்பட்டினம்

அதற்கு அடுத்த சீசனில் 8. அப்போதும் மெக்கார்த்தி அங்கேதான் இருந்தார். 30க்குப் பாராட்டு வாங்கினால் 8க்கு யார் வாங்கிக்கட்டிக்கொள்வது? துணைப் பயிற்சியாளர் வேலையில் எனக்குப் பிடிக்காததே இதுதான். கோல் வந்தால் இவர் தேற்றினார் என்பார்கள், வராவிட்டால் தலைமை மேல் பழி. ஆற்றில் தண்ணீர் வந்தால் எங்களால் என்பார்கள், வராவிட்டால் மேட்டூரைக் கை காட்டுவார்கள். வாய்க்கால் கடைசியில் இருக்கிற எங்களுக்கு இந்தப் பேச்சு பழக்கம்.

#13 துபாய்த் திருவையாறு

லெஸ்டரைப் பற்றி யாரும் முழுதாகப் பேசவில்லையே, நான் பேசுகிறேன். அந்தச் சீசனில் வேலை முடிந்து அறைக்கு வந்து ஆட்டம் பார்ப்பதுதான் என் பொழுதுபோக்கு, நேரமும் இங்கே வசதி.

முதல் ஆட்டம் 2024 டிசம்பர் 3, வெஸ்ட் ஹாம் மேல் 3-1. இரண்டாவது நிமிடமே லெஸ்டரின் ஃபார்வர்டு வார்டி கோல். இதில் ஒரு வேடிக்கை. பிரீமியர் லீகில் தொடர்ந்து பத்து ஆட்டத்தில் கோல் அடித்த சாதனை 2003இலிருந்து ரூட்டிடம் இருந்தது. 2015 நவம்பரில் அதைப் பதினொன்றாக்கி உடைத்தவர் இதே வார்டி, அதுவும் யுனைடெட்டுக்கு எதிராக. சாதனையைப் பறிகொடுத்தவரும் பறித்தவரும் ஒரே அணியில், ஒருவர் கோச், மற்றவர் கேப்டன். இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடைக்காது என்று நினைத்தேன்.

பிறகு நடந்தது: வுல்வ்ஸ் 0-3, மான்செஸ்டர் சிட்டி 0-2, பேலஸ் 0-2, ஃபுல்ஹாம் 0-2, ஆர்சனல் 0-2, பிரெண்ட்ஃபோர்டு 0-4, யுனைடெட் 0-3, நியூகாசில் 0-3, லிவர்பூல் 0-1. ஒன்பதும் லீகில் சொந்த மைதானத்தில் தொடர்ந்து வந்தவை, ஒரு கோல்கூட இல்லை. இங்கிலாந்து லீக் வரலாற்றில் அப்படி எந்த அணிக்கும் நடந்ததில்லை. லிவர்பூல் ஆட்டம் நடந்த 2025 ஏப்ரல் 20 அன்றே கீழ்ப்பிரிவுக்கு இறக்கம் உறுதி. அவர் பொறுப்பில் மொத்தம் 27 ஆட்டம், 5 வெற்றி.

150 கோல் அடித்தவரின் அணி லீகில் சொந்த மண்ணில் நாலு மாதமாக ஒரு கோல் அடிக்கவில்லை. அந்த ஆட்டங்களை உட்கார்ந்து பார்த்தவன் சொல்கிறேன், வார்டி வாய்ப்பை வீணாக்கி அந்தக் கணக்கு வந்ததில்லை. பெரும்பாலான ஆட்டத்தில் அவருக்குப் பந்தே வரவில்லை. பின்வரிசையிலிருந்து பந்தை எடுத்துவர ஆள் இல்லை. நடுவில் பறிகொடுத்துவிட்டு எல்லாரும் திரும்பி ஓடிக்கொண்டிருந்தார்கள். ரூட்டுக்கு மற்ற யாரையும்விட நன்றாகத் தெரிந்தது கடைசிப் பன்னிரண்டு கஜம். லெஸ்டரின் நோய் அதற்கு முந்தைய எண்பது கஜத்தில் இருந்தது. அங்கே வெண்ணாற்றங்கரை அண்ணன் சொல்வது சரி.

இறக்கம் உறுதியான பிறகு சவுத்தாம்ப்டனை 2-0, இப்ஸ்விச்சை 2-0 ஜெயித்தார்கள். இப்ஸ்விச் ஆட்டம் வார்டியின் 500ஆவது லெஸ்டர் ஆட்டம், அதில் அடித்தது 200ஆவது கோல். கணக்கு மட்டும் அழகாக முடிந்தது.

#14 பிடி டீச்சர், திருவாரூர்

பணமும் ஒரு காரணம். லெஸ்டரில் ஜனவரியில் பெரிதாக ஆள் வாங்கவில்லை. தலைமை கையில் இருப்பதை வைத்துத்தான் சமைக்க வேண்டும்.

#15 கடைமடை, நாகப்பட்டினம்

டீச்சர், வேறு யார் வந்திருந்தாலும் இறங்கியிருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெண்ணாற்றங்கரை அண்ணன் கட்சியை உடைக்கும் சாட்சி பிஎஸ்வியில் இருக்கிறது, அதை ஏன் அவர் வேகமாகத் தாண்டிப்போனார்? 2022-23. தலைமையாக முதல் ஆட்டமே அயாக்ஸ் மேல் 5-3, சூப்பர் கோப்பை. ரேஞ்சர்ஸிடம் தோற்றுச் சாம்பியன்ஸ் லீகுக்குப் போகவில்லை, சரி. ஆனால் அரை சீசனில் காக்போ லீகில் 14 ஆட்டம், 9 கோல், 12 கோலுக்கு உதவி. நேரே உலகக் கோப்பைக்குப் போய் முதல் மூன்று ஆட்டத்திலும் கோல். ஜனவரியில் கிளப் அவரை லிவர்பூலுக்கும், மதுவேக்கேயை செல்சிக்கும் விற்றது. முன்வரிசையின் இரண்டு தூணும் போன பிறகும் லீகில் இரண்டாம் இடம். ஏப்ரலில் அயாக்ஸை பெனால்டியில் ஜெயித்து நாட்டுக் கோப்பை. கடைசி ஆட்டத்துக்கு முன்பே ராஜினாமா.

நான் அவருக்கு எதிராகப் பேச வந்தவன், கடைசியில் அவருக்காகப் பேச வேண்டியிருக்கிறது. தலைமையில் தோற்றார் என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது. நல்ல ஆட்டக்காரர்கள் உள்ள, பந்தைத் தன் வசம் வைத்து ஆடும் அணியில் அவர் ஜெயிக்கிறார். பந்தே கிடைக்காத அணியில் தவிக்கிறார். துணையா தலைமையா என்பதைவிட எந்த அணி என்பதுதான் கேள்வி.

#16 வெண்ணாற்றங்கரை, தஞ்சாவூர்

தாண்டிப்போனது உண்மைதான், ஏனென்றால் அது என் கட்சிக்குச் சங்கடம். :) ஆனால் பாருங்கள், பிஎஸ்வியில் அவர் வருடக்கணக்கில் இளையோர் அணியில் இருந்தவர். யார் எப்படி என்று அத்துப்படி. அந்தச் சீசனில் அவர் செய்ததில் பெரிய பகுதி, துணைப் பயிற்சியாளர் செய்யும் அந்தத் தனித்தனி வேலைதான். காக்போவை இடதுபக்கத்திலிருந்து உள்ளே வந்து அடிக்கும் ஆளாகப் பழுக்கவைத்தார். லெஸ்டரில் அதற்கு நேரமும் இல்லை, வாரா வாரம் தோல்விக்கு நடுவில் மனதும் இருந்திருக்காது.

#17 குடந்தைக் கீப்பர், கும்பகோணம்

வெளிநாட்டிலேயே சுற்றுகிறோம். நம் மாநிலத்தில் சையது சபீர் பாஷா இல்லையா? இந்தியாவுக்கு ஆடிய ஸ்ட்ரைக்கர், இந்தியன் வங்கி அணியின் முகம். சென்னையின் எஃப்சியில் வெளிநாட்டுத் தலைமைப் பயிற்சியாளர்கள் வந்தார்கள், போனார்கள். துணையாக இவர் இருந்தார். 2022 பிப்ரவரியில் கோவாவிடம் 0-5 வாங்கியதும் தலைமைப் பயிற்சியாளர் பாந்தோவிச்சை அனுப்பினார்கள். மீதி ஆட்டங்களை இவர் தலையில் வைத்தார்கள். சீசன் முடிந்ததும் அடுத்த வெளிநாட்டுக்காரர் வந்தார். நம் பையன்கள் எந்த ஊர், எந்தப் பள்ளி, வீட்டில் என்ன நிலைமை, யாரிடம் எந்த மொழியில் பேசினால் மனம் திறப்பான் என்பதெல்லாம் இவருக்குத்தான் தெரியும். அந்த அறிவுக்கு நம் லீகில் பெரிய விலை இல்லை என்பது என் நீண்டநாள் ஆதங்கம்.

#18 காரைக்கால் ஃப்ரீகிக்

அருமை அண்ணே. ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது, இப்போதுதான் மாறுகிறது. இங்கிலாந்து அணிக்கு 2023இல் தலைமைப் பயிற்சியாளர் சௌத்கேட்டின் துணையாக ஜிம்மி ஃப்ளாய்டு ஹாசல்பைங்க் போனார், செல்சியின் பழைய ஃபார்வர்டு. 2024 யூரோ காலிறுதியில் ஸ்விட்சர்லாந்தோடு பெனால்டி. பாமர், பெல்லிங்ஹாம், சாகா, டோனி, அலெக்ஸாண்டர்-ஆர்னால்ட், ஐந்து பேரும் உள்ளே. யார் எந்த வரிசையில் போவது, கோட்டிலிருந்து புள்ளி வரை எப்படி நடப்பது என்பதுவரை பயிற்சி. பெனால்டி என்றாலே நடுங்கும் நாடு அது!

#19 நீடாமங்கலம் புதுசு

இழையை முழுக்கப் படித்தேன், முதல் தடவை எழுதுகிறேன். பிடி டீச்சருக்கு ஒரு கேள்வி. பக்கத்து ஊர்ப் பையன்கள் பதினோரு பேருக்கு மாலையில் நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். சம்பா அறுத்த வயலில் ஆடுகிறோம், தாள் குத்தும், பந்து நேராக உருளாது. ஒரு பதின்மூன்று வயதுப் பையன் நன்றாக ஓடுகிறான், கோலுக்கு முன்னால் போனதும் கண்ணை மூடிக்கொண்டு உதைக்கிறான். என்ன செய்யலாம்?

#20 பிடி டீச்சர், திருவாரூர்

பலமாக உதைப்பதைக் கொஞ்ச நாளைக்குத் தடை செய்யுங்கள் தம்பி. ஆறு கஜம் தள்ளி நிற்கவைத்து, கீப்பர் இல்லாமல், உள்பாதத்தால் மட்டும். போஸ்ட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இரண்டு பக்கமும் ஒவ்வொரு செருப்பை வையுங்கள், செருப்புக்கும் போஸ்ட்டுக்கும் நடுவில் போனால்தான் கோல். பத்து வலதுகால், பத்து இடதுகால். அது சரியானதும் பக்கத்திலிருந்து இன்னொரு பையனைப் பந்தைத் தள்ளிவிடச் சொல்லுங்கள். பந்து அவனிடம் வரும் முன் நீங்கள் கோலுக்குள் நின்று விரலைக் காட்டுங்கள், எத்தனை விரல் என்று சொல்லிவிட்டுத்தான் அவன் அடிக்க வேண்டும். கண் தானாகத் திறக்கும். கடைசியாகத்தான் கீப்பர், டிஃபென்டர் எல்லாம். வயலில் பந்து துள்ளுவதால் முதல் தொடுதல் கடினம், அதனால் களம், தார் ரோடு மாதிரி கெட்டியான இடம் கிடைத்தால் இதை மட்டும் அங்கே செய்யுங்கள்.

#21 குடந்தைக் கீப்பர், கும்பகோணம்

கீப்பரைச் சேர்க்கும் நாளில் சொல்லுங்கள் தம்பி, நீடாமங்கலத்துக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான், வந்து நிற்கிறேன். கால் மேல் அடிக்கக் கூடாது.

#22 கடைமடை, நாகப்பட்டினம்

வந்தால் ஒரு கீப்பர் கையுறையும் கொண்டுபோங்கள். அந்தப் பதினோரு பேரில் ஒருவன் கட்டாயம் வெறுங்கையோடு நின்றுகொண்டிருப்பான்.